இரண்டு மணி பத்து நிமிடம்

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. என் ரத்தமும் உன் ரத்தமும் பத்துக்குப் பத்து பொருந்துகிறதாம். ஆறு வருஷமாக முகத்தில் முழிக்காத இரண்டு பேருக்கு எலும்புக்குள் மட்டும் அப்படி என்ன ஒற்றுமையோ தெரியவில்லை. மஜ்ஜை கொடுக்கிறேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த நாள்தான் வரும். காலை ஏழு மணிக்கு விமானத்திலிருந்து கூப்பிட்டு, "ஏறிட்டேன்க்கா, ரெண்டு மணி பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்றாய். பத்தரைக்குக் கூப்பிட்டு, "இப்ப கிளம்பிடும், ரெண்டு மணி பத்து நிமிஷம்" என்றாய். பிற்பகல் ஒன்றே முக்காலுக்கும் அதே ரெண்டு மணி பத்து நிமிஷம். நீ ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தபோது மணி ஆறு. அம்மா ஐந்தரைக்கே போய்விட்டாள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் வலி ஊசியோடு நர்ஸ் வந்தாள். போட்டால் அம்மா தூங்கிவிடுவாள், பிறகு எழுப்ப முடியாது என்றாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். "புள்ள வந்துடட்டும், ரெண்டு மணி நேரம்தானே, தாங்கிக்கிறேன்" என்றாள். மூன்று முறை ஊசி வந்தது, மூன்று முறையும் திரும்பிப் போனது. பத்தரை மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஒவ்வொரு தடவையும் உன் கணக்கை அவள் காதில் சொன்னது நான்தான். அந்த வாய் இன்னும் என் முகத்தில்தான் இருக்கிறது.

நான் துணி வெட்டுகிறவள். தையலுக்கென்று முக்கால் அங்குலம் அதிகம் விடாமல் ஒரு துண்டையும் வெட்டியதில்லை. நீ சொன்ன நேரத்தில் ஒரு நூல்கூட விடவில்லை.

பஸ்ஸில் வருகிறேன். இருபத்தொன்பது மணி நேரமாம், டிக்கெட் ஜன்னலில் கேட்டுவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் கவரைப் பிரிக்கவே பயமாக இருந்தது. பிரித்த பிறகு, பிரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஊசி விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நேற்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உண்மையாகவே இல்லை. மருந்தில் வாயெல்லாம் புண், பேச்சு குழறுகிறது. அதனால் நீ போன் வேண்டாம் என்றதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

பஸ் மட்டும் வேண்டாம். மழையில் மலைப்பாதை சரிந்து இரண்டு இடத்தில் அடைத்துவிட்டார்கள், ரயிலும் ஓடவில்லை. சுற்றுவழியில் வந்தால் இரண்டு நாள். அத்தனை நேரம் கூட்டத்தில் உட்கார்ந்து உனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உன் மஜ்ஜையை எடுக்கமாட்டார்கள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இங்கே நடக்கப்போவதை உனக்குச் சொல்லவேண்டும். ஆகஸ்ட் 20 காலையில் ஒரு மருந்து ஏற்ற ஆரம்பிப்பார்கள். அது என் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை மொத்தத்தையும் அழித்துவிடும். பிறகு என்னுடையது என்று ஒன்றும் இருக்காது. 28ஆம் தேதி உன்னுடையதை ஏற்றவேண்டும். நடுவில் நிறுத்தித் திரும்புவதற்கு வழியில்லை. நீ 26ஆம் தேதிக்குள் இங்கே இருக்கவேண்டும்.

விமானத்தில் வா அக்கா. நீ ஏறியதே இல்லை என்று தெரியும். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் நீ என்றும் தெரியும். வேறு வழி இருந்தால் கேட்கமாட்டேன்.

தம்பி

ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

விமானமா. சரி.

சரி என்று எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

தையற்கூடத்தில் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. பட்டன் தைக்கிற அம்மா ஒரே ஒரு தடவை பறந்திருக்கிறாளாம். காது வெடித்துவிடும் என்றாள். மேலே போனதும் என்ஜின் நின்றுவிடும், பிறகு அதுவாகக் கிளம்பும் என்றாள். இஸ்திரி போடுகிறவர், "கீழ விழுந்தா வலிக்காதும்மா, அதுக்குள்ள மயக்கம் வந்துடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் ஆறுதலில் தீயை வைக்க.

பழகிப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, உன் மாமாவின் பெல்ட்டால் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். எதிரே கடிகாரம். இரண்டு மணி பத்து நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது என்று வைராக்கியம். எண்பதாவது நிமிஷத்தில் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். "நாற்காலிக்கே இப்படின்னா நீ எங்க போய்ச் சேரப் போற" என்று உன் மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, துணைக்கு வரட்டுமா என்றார். இடுப்பு அறுவை ஆகி அவர் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தே மூன்று வாரம்தான் ஆகிறது. வேண்டாம் என்றேன். வீட்டில் எழுந்து ஓட வாசல் இருந்தது. வானத்தில் எங்கே ஓடுவது?

அதனால் எனக்கு ஒன்று வேண்டும். என் வீட்டு வாசலிலிருந்து உன் ஆஸ்பத்திரி வாசல்வரை எவ்வளவு நேரம் என்று எழுது. எந்த நிமிஷத்தில் என்ன சத்தம் கேட்கும், எது ஆடும், எது நிற்கும், எல்லாம் எழுது. எதையும் குறைத்துச் சொல்லாதே. பயப்படுவேன் என்று எதையும் மறைக்காதே. இந்தத் தடவை உன்னிடமிருந்து எனக்கு உண்மையான நேரம் வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 14

அக்கா,

எழுதுகிறேன். பதினேழு வருஷமாக இதுதான் என் தொழில். விமானம் கிளம்பும் முன் எந்த வழி, எவ்வளவு தூரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டுப் பைலட் கையில் கொடுப்பவன் நான். ஆனால் ஒரு தாளை இவ்வளவு பயந்து எழுதியதில்லை.

உன் ஊர் விமான நிலையத்துக்கும் என் ஊர் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் 1,312 கிலோமீட்டர். யாரும் நேர்க்கோட்டில் பறப்பதில்லை. வளைந்து போகிற வழியில் 1,390. வானத்தில் இருப்பது ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம். கதவைச் சாத்தியதிலிருந்து திறக்கும்வரை இரண்டு மணி பத்து. ஆனால் நீ கேட்டது வாசலிலிருந்து வாசலுக்கு. அது எட்டு மணி இருபது நிமிஷம். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பு. மதியம் இரண்டு ஐம்பதுக்கு இங்கே இருப்பாய். இந்த நேரத்தை அன்றைக்கு நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவேண்டும்.

கதவு சாத்தியதும் உன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள். அதிலிருந்து பதினைந்தாவது நிமிஷம் ஓட ஆரம்பிக்கும். முதுகு சீட்டோடு ஒட்டும். மேலே எழுந்ததும் காலடியில் தடாலென்று ஒரு சத்தம். சக்கரத்தை மடக்கி உள்ளே வைக்கிறார்கள். பதினேழாவது நிமிஷம் இரைச்சல் சட்டென்று குறையும். பட்டன் அம்மா என்ஜின் நின்றது என்று சொன்னது இதைத்தான். நிற்கவில்லை, ஓட்டத்தைக் கொஞ்சம் தணிக்கிறார்கள். நாற்பதிலிருந்து அறுபதுவரை விமானம் மலைக்கு மேலே போகும், ஆடும். மண்ரோட்டில் பஸ் ஆடுகிற அளவுக்கு ஆடும், அவ்வளவுதான். நூறாவது நிமிஷம் காது அடைக்கும், எச்சில் விழுங்கு. நூற்றுப் பதினைந்தில் மறுபடி அடியில் சத்தம், சக்கரம் இறங்குகிறது. நூற்று இருபதில் தரை. நூற்று முப்பதில் கதவு.

இன்னொன்று. ஒரு விமானத்தையும் கணக்குக்குச் சரியான எரிபொருளோடு நாங்கள் அனுப்புவதில்லை. போய்ச் சேர வேண்டியது, சேர முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டியது, அதற்கும் மேலே அரை மணி நேரம் சும்மா சுற்ற வேண்டியது, எல்லாம் இருக்கும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இப்படித் தாராளமாகப் போட்டு அனுப்பியவன், பெற்ற தாய்க்கு ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நீ எதையும் மறைக்காதே என்றாய். அதனால் இதையும் எழுதுகிறேன். இந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, இந்தப் பத்தி இல்லாமல் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. அன்றைக்கு விமானத்தை நிறுத்தி வைத்த பனிமூட்டம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். முந்தின நாள் மாலையே வானிலைத் தாள் என் மேஜைக்கு வந்தது. உன் ஊரில் மதியம்வரை ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான். தெரிந்துகொண்டுதான் மூன்று தடவையும் சொன்னேன். போனில் உன் குரலுக்குப் பின்னால் அம்மாவின் மூச்சு கேட்டது. "எப்ப வருவேன்னு தெரியாது" என்று அந்த மூச்சிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இதைப் படித்த பிறகு நீ வரவேண்டாம் என்று நினைத்தால், 19ஆம் தேதிக்குள் டாக்டரம்மாவுக்குச் சொல்லிவிடு. அதற்குப் பிறகு சொன்னால் நான் இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 19

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குக் கதவைப் பார்ப்பதும், காலடிச் சத்தம் தாண்டிப் போனதும் கண்ணை மூடிக்கொள்வதுமாக இருக்கிறேன்.

இன்று காலை டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு ஆரம்பிக்கணும். உங்க அக்கா கண்டிப்பா வருவாங்களா?" என்று கேட்டார். வருவாள் என்று சொல்ல வாய் தயாராக வந்துவிட்டது. பழக்கம். அதை விழுங்கிவிட்டு, "தெரியாது டாக்டர்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் உன் தையற்கூடத்துக்குப் போன் போட்டிருக்கிறார். திரும்பி வந்து, "ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. வரேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நாளை காலை எட்டு மணிக்கு மருந்து ஏற்றுகிறார்கள். கோபத்தில் சொன்னாயா, அழுதுகொண்டு சொன்னாயா என்று கேட்டேன். மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

இது நாளைக்கே போய்ச் சேரும் அவசரத் தபால்.

உன் 14ஆம் தேதிக் கடிதத்தை மதியச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். படித்துவிட்டுப் போய் வெட்டு மேஜையில் நின்றேன். நாற்பது மடிப்புத் துணி அடுக்கியிருந்தது. தையலுக்கு விடாமல் சரியாகக் கோட்டிலேயே வெட்டிவிட்டேன். நாற்பது சட்டையின் முதுகு. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. முதலாளி துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

தெரிந்தே சொன்னாயா நீ. இத்தனை வருஷம், பாவம், அவனுக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்று மனசின் ஒரு ஓரத்தில் உனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த ஓரத்தையும் எடுத்துவிட்டாய். மன்னிக்கவில்லை. எழுதி வைத்துக்கொள், மன்னிக்கவில்லை. ஆனால் வருகிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மூன்று நாள் பதில் போடாமல் இருந்தது உன்னைப் பழிவாங்க இல்லை. 'தம்பிக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை.

நேற்று உன் வார்டு நர்ஸ் போன் செய்தாள். என்ன கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லத்தான். கடைசியில், "உங்க தம்பி 26ஆம் தேதி வலி ஊசி வேணாம்னு இப்பவே சொல்லி வெச்சிருக்காரும்மா. அக்கா வரும்போது முழிச்சிருக்கணுமாம். அதுக்குள்ள வலி தாங்க முடியாம போயிடும், நீங்களாவது சொல்லுங்க" என்றாள். போனைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எதற்கு இது? அம்மா தாங்கினாள், நானும் தாங்குகிறேன் என்று கணக்குத் தீர்க்கிறாயா? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் என் வருகைக்காகக் காத்துக் கிடப்பதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. ஒரு தடவை பார்த்ததற்கே ஆறு வருஷமாகத் தூக்கம் இல்லை.

ஊசியைப் போட்டுக்கொள். நான் எந்த விமானம், எத்தனை மணி என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. நான் வரும்போது நீ தூங்கிக்கொண்டிரு. எனக்கு அதுதான் வேண்டும்.

அக்கா

ஆகஸ்ட் 26, மதியம் ஒரு மணி

அக்கா,

நீ சொல்லாவிட்டால் என்ன, உன் ஊரிலிருந்து பகலில் இருப்பது ஒரே விமானம். பத்து நாற்பதுக்குக் கதவு சாத்தியிருப்பார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் திறந்திருக்கவேண்டும். இங்கே பதினொன்றரையிலிருந்து மழை கொட்டுகிறது. ஜன்னலில் எதிர்க் கட்டிடமே தெரியவில்லை.

என் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் கேட்டுச் சொல்லும்படி நர்ஸை நச்சரித்தேன். "மேலே சுத்திட்டிருக்கு, இறங்க விடலை" என்று சொன்னானாம். இறங்க எத்தனை விமானம் வரிசையில், எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று நான் கேட்டனுப்பியதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த தொழிலில் இருப்பது ஒரு தண்டனை. மனசுக்குள் லிட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். நிறுத்த முடியவில்லை.

நீ இப்போது என் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருப்பாய். அதில் நூற்று முப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை அக்கா. நூற்று முப்பத்தொன்றாவது நிமிஷத்துக்கு என்ன என்று எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

1.20. ஊசி இரண்டு தடவை வந்தது, திருப்பி அனுப்பினேன். முழித்திருக்கவேண்டும் என்று வீம்பு. தொண்டையிலிருந்து வயிறுவரை எரிகிறது. கட்டில் கம்பியைப் பிடித்திருக்கிறேன் என்று இப்போதுதான் கவனித்தேன். அம்மா பிடித்தது இப்படித்தானா?

1.35. நர்ஸ் உன் கடிதத்தை எடுத்து வந்து, கடைசிப் பத்தியை உரக்கப் படித்தாள். படித்துவிட்டு ஊசியோடு நிற்கிறாள். நீ இறங்கிவிட்டாயா என்று தெரியாமலே தூங்க வேண்டும். அது எனக்கு வலியைவிடப் பயமாக இருக்கிறது.

கையை நீட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, மாலை

தம்பிக்கு,

நீ தூங்குகிறாய். உன் அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே விடமாட்டார்கள். நீ எழுதி வைத்திருந்ததை நர்ஸ் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள், படித்துவிட்டேன். உன் தலையில் ஒரு முடிகூட இல்லை. காது இரண்டும் அப்பா காது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. இத்தனை நாள் முடி அதை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

உன் தாள் நன்றாகவே வேலை செய்தது. தடாலென்ற சத்தம், இரைச்சல் குறைந்தது, மலைமேல் ஆட்டம், எல்லாம் நீ எழுதிய நிமிஷத்தில் வந்தது. ஒவ்வொன்றையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். என் பக்கத்து சீட்டில் ஒரு பெண், கைக்குழந்தையோடு. அவளுக்கும் முதல் தடவை. என் தாளை எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், இப்போது காது அடைக்கும், பால் கொடு என்று. பெரிய அனுபவசாலி மாதிரி.

நூற்றுப் பதினைந்தில் சக்கரம் இறங்கவில்லை. நூற்று இருபதில் தரை வரவில்லை. ஜன்னலில் வெறும் வெள்ளை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. நூற்று முப்பதும் போய்விட்டது. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. விழுந்தால் சாவது நான் மட்டும் இல்லை, உன் எலும்பும் காலியாகக் கிடக்கிறதே என்று நினைத்தேன். பெல்ட்டை அவிழ்க்கக் கை போனது. ஓடுவதற்கு வாசல் இல்லை.

அப்போது அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்றாள்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி. பைலட் என்னவோ சொன்னார், அதுவும் காதில் ஏறவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டாள். "பத்து நிமிஷம்தான், இதோ" என்றேன். குழந்தை வீறிட்டு அழுதது. மூன்றாவது தடவை அவள் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, முகத்தைத்தான் பார்த்தாள். அதற்கும் பத்து நிமிஷம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன், எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று.

ஐம்பத்தைந்து நிமிஷம் சுற்றியது. கதவு திறந்ததும் அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க சொல்லலைன்னா செத்தே போயிருப்பேன்" என்றாள். குழந்தையின் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். டாக்ஸியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, உனக்காக அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாளை மறுநாள் என் இடுப்பெலும்பில் ஊசி ஏற்றுவார்கள். அது உன் உடம்பில் ஒட்டுமா ஒட்டாதா என்று தெரிய மூன்று வாரம் ஆகலாம் என்கிறார் டாக்டரம்மா. ஆகலாம் என்றுதான் சொன்னார், ஆகும் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உனக்கும் இருக்கும். நீ எழுந்ததும் இந்தத் தாளைக் கண்ணாடியில் உன் பக்கமாக வைத்துக் காட்டும்படி நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன். எப்போது எழுவாய் என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றாள்.

சரி என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் கண்ணாடிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீ தூங்கு.

அக்கா